இஷ்டப்பட்டு வந்தவர்கள்

ஹாலிதாவை மண்வெட்டி பிடிக்கச் சொல்லி யாரும் அனுப்பவில்லை. தபூக்கில் இருபது வருஷத்துக்கு மேல் குடியிருந்துவிட்டு, நாற்பதைத் தாண்டிய வயதில், தானாகவே போய்ப் பிடித்தாள். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஒரு வேலைக்குத் தானாகப் போவது என்றால் என்ன என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் பின்னால் அவளுக்கு அவ்வளவு கோபம் வந்தது.

அவள் கீழக்கரைப் பெண். கணவர் மீராசா தபூக் கடைவீதியில் கம்பளி வியாபாரம் செய்கிறார். சவூதியின் வடக்கு மூலையில் இருக்கும் அந்த ஊரில் குளிர்காலத்தில் நிஜமாகவே குளிரும் என்பதால் கடை ஓடுகிறது. ஒரே மகள் படிப்புக்காகச் சென்னைக்குப் போன பிறகு ஹாலிதாவுக்கு வீட்டில் பேச ஆளில்லை. அரபி பேசுவாள். கார் ஓட்டவும் கற்றுக்கொண்டிருந்தாள். ஆனால் காரை எடுத்துக்கொண்டு எங்கே போவது? மீராசாவின் மனைவி என்பதைத் தவிர அந்த ஊரில் அவளுக்கென்று ஓர் இடம் இல்லை.

ஊருக்கு வெளியே நூறு வருஷத்துக்கு முந்தைய ரயில்பாதை ஒன்று கைவிடப்பட்டுக் கிடந்தது. அதில் சில கிலோமீட்டரைப் பாரம்பரியத்தைப் பாதுகாக்கும் ஒரு குழு சீர்செய்து, குளிர்காலத்தில் மட்டும் சின்ன ரயில் ஒன்றை ஓட்டியது. குடும்பங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து, ஏறி, படம் எடுத்துக்கொண்டு, டீ குடித்துவிட்டுப் போகும். பெட்டிக்கு வர்ணம் பூசவும் டிக்கெட் கிழிக்கவும் தன்னார்வலர்கள் நிறையப் பேர் வந்தார்கள். தண்ணீர் போகும் வழியைப் பார்க்கத்தான் யாரும் வரவில்லை.

அந்தப் பாதை ஒரு வாதியை ஒட்டிப் போகிறது. வாதி என்றால் வருஷம் முழுக்கக் காய்ந்து கிடந்து, மழைக்கு மட்டும் ஓடும் காட்டாறு. தண்டவாளத்துக்கு அடியில் தண்ணீர் கடந்துபோகக் கல்லால் கட்டிய சிறுபாலங்கள் இருந்தன. காற்று கொண்டுவந்த மணலும் முள்ளும் பிளாஸ்டிக் பையும் அவற்றை அடைத்துக்கொள்ளும். அடைத்தால் தண்ணீர் பாதை மேல் ஏறும், ஜல்லியை அரித்துக்கொண்டு போகும். இந்த வேலைக்கு ஆள் வேண்டும் என்று குழுவின் தலைவர் அபூ ஃபைஸல் கேட்டபோது கை தூக்கிய சிலரில் ஹாலிதாவும் ஒருத்தி. அபூ ஃபைஸல் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், அந்த ஊர்க்காரர். யாரிடமும் குரல் உயர்த்தாத மனிதர்.

அவள் அள்ளிய முதல் சிறுபாலத்தில் ஒரு செத்த ஆட்டின் எலும்புகூட இருந்தது. அபாயா அங்கியின் ஓரத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, கையுறை போட்டுக்கொண்டு, குனிந்து குனிந்து அள்ளினாள். முதல் மழை பெய்ததும் மீராசாவை இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். செம்மண் கலந்த தண்ணீர் பாலத்துக்குள் நுழைந்து அந்தப் பக்கம் ஒழுங்காக வெளியேறிக்கொண்டிருந்தது.

"என்னங்க, நான் அள்ளுன வழியிலதான் போகுது பாருங்க."

"நல்லது. வீட்டு ஸிங்க்கும் அடைச்சுக் கெடக்கு. அதுலயும் கொஞ்சம் போகட்டும்" என்றார் மீராசா.

சிரித்தாள். அன்று அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்தாள். இரண்டு குளிர்காலம் இப்படிப் போனது. மூன்றாவதில் பெருமழை வந்து பாதையின் ஒரு நீண்ட பகுதியை அரித்து, தண்டவாளத்தை அந்தரத்தில் தொங்க விட்டுவிட்டது. பாதையைச் சரிசெய்து, அடுத்த சீசனுக்கு முன்னால் அதை ஒட்டி ஆழமான வாய்க்கால் வெட்ட வேண்டும் என்று முடிவானது. மண்வெட்ட வரக்கூடிய இருபது பேரால் ஆகிற வேலை இல்லை அது. என்ன செய்வது என்று எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது, ஒரு கட்டுமானக் கம்பெனி தன் சார்பில் தன்னார்வலர்களை அனுப்புவதாகச் சொன்னது.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பஸ் வந்து நின்றது. நாற்பது பேர் இறங்கினார்கள். எல்லோருக்கும் புதுப் பச்சை டிஷர்ட், முதுகில் 'தன்னார்வலர்' என்று அரபியிலும் ஆங்கிலத்திலும் எழுத்து. கூட்டத்தில் தமிழ்க் குரல் கேட்டதும் ஹாலிதா மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். அதில் ஒருவன் பேர் வைரவன், முதுகுளத்தூர்ப் பக்கம். அவள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்வருகிற தூரம்தான்.

"நம்ம பக்கந்தானா தம்பி நீங்க. வாரத்துல ஒரு நாள் லீவு, அதையும் ஊருக்கு உழைக்கிறதுக்குக் குடுத்துட்டு வந்திருக்கீங்களே. அல்லாஹ் உங்களுக்கு ஒரு கொறையும் வைக்க மாட்டான்."

வைரவன் சிரித்தான். அவள் வீட்டில் கிண்டிக்கொண்டுவந்திருந்த தொதல் என்ற இனிப்பை எல்லோருக்கும் கொடுத்து, அவர்கள் தின்பதைப் படம் எடுத்துக் குழுவின் வாட்ஸப்பில் போட்டாள். எங்கள் ஊர்க்காரர்கள் என்று எழுதினாள். அபூ ஃபைஸல் உடனே பதில் அனுப்பினார்: உங்கள் ஆட்கள் சிங்கங்கள்.

அடுத்தடுத்த வெள்ளிக்கிழமைகளில் அந்த பஸ் தவறாமல் வந்தது. வாய்க்கால் மளமளவென்று நீண்டது. குழுவின் பழைய தன்னார்வலர்கள் ஜும்ஆ தொழுகைக்கு முன்னால் மண்ணைத் தட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். பஸ்ஸில் வந்தவர்கள் இருப்பார்கள். ஒரு தடவை ஹாலிதா அதைக் கேட்டபோது, அவர்களைக் கூட்டிவருகிற, அவர்கள் தங்கும் காம்ப்புக்குப் பொறுப்பான காம்ப் பாஸ் சோலையப்பன் சொன்னான்: "பாதிப் பேருக்கு ஜும்ஆ இல்ல மேடம். மத்தவங்க இங்கயே ஓரமா தொழுதுட்டு வந்துருவாங்க. பசங்களுக்கு வேலைன்னா உயிரு." அவனும் தமிழ்நாட்டுக்காரன்தான். கறுப்புக் கண்ணாடியும் கழுத்தில் விசிலுமாக, பெரும்பாலும் பஸ்ஸின் முன்சீட்டில் உட்கார்ந்திருப்பான். அவன் சொன்னதை அவள் நம்பினாள். நம்பிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டாள்.

ஒரு வாரம் வைரவன் காய்ச்சலோடு வந்திருந்தான். கண் சிவந்து, மண்வெட்டியை ஊன்றி ஊன்றி நின்றான். ஹாலிதா தண்ணீர்ப் பாட்டிலோடு போய், "உடம்புக்கு முடியலன்னா வராம இருந்திருக்கலாமே தம்பி. யாரு உங்களைக் கேக்கப்போறா?" என்றாள்.

அவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"அக்கா, நெசமாத்தான் கேக்குறீகளா?"

"ஏன்?"

"வியாழக்கெழம சாயங்காலம் காம்ப்புல பேரு வாசிப்பாக. வாசிச்சா வரணும். வரலேன்னா அடுத்த வாரம் எந்தக் காட்டு சைட்டுக்குத் தூக்கிப் போடுவாகன்னு தெரியாது. ஊருக்குப் போக லீவு கேட்டா, பாக்கலாம்பாக. ஆறு நா கம்பெனி வேல. ஏழாவது நா இது."

"அப்ப நீங்களா வரலியா?"

"நாங்களா எங்கக்கா வாரது. துணி தொவைக்க, முடி வெட்ட, ஊர்ல பேச, தூங்க, எல்லாத்துக்கும் இருந்தது இந்த ஒரு நாத்தான். எம்மவ இப்ப போன்ல மூஞ்சியவே காட்ட மாட்டேங்குறா. வெள்ளிக்கெழமயும் அப்பா பேசலன்னு கோவம் அவளுக்கு." சொல்லிவிட்டு பஸ் பக்கம் பார்த்தான். "நான் சொன்னேன்னு சொல்லிப்புடாதீக."

ஹாலிதா கையில் பாட்டிலோடு அப்படியே நின்றாள். இத்தனை வாரமாகத் தான் பேசியது எல்லாம் காதில் திரும்பக் கேட்டது. லீவு நாளைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறீர்கள் என்றாளே. கொடுக்கவில்லை, பிடுங்கியிருக்கிறார்கள். பிடுங்கியதோடு விடாமல், முதுகில் 'நாங்களாக வந்தோம்' என்று எழுதி மாட்டியிருக்கிறார்கள். பிடுங்கியதைவிட அந்த எழுத்துதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

நேராக பஸ்ஸுக்குப் போனாள்.

"தம்பி, இவங்களெல்லாம் தானா வந்தவங்களா, நீங்க கூட்டியாந்தவங்களா?"

சோலையப்பன் கண்ணாடியைக் கழற்றாமல் சொன்னான்: "வேலன்டியர்ஸ் மேடம். இஷ்டப்பட்டுத்தான் வர்றாங்க. நீங்க வர்ற மாதிரியே."

"நான் வர்ற மாதிரியா? நான் ஒரு வாரம் வரலன்னா என் வீட்டுக்காரர் என்னைய வேற ஊருக்குத் தூக்கிப் போட மாட்டாரு."

சத்தம் கேட்டு அபூ ஃபைஸல் வந்தார். ஹாலிதா அவரிடம் அரபியில் விஷயத்தைச் சொன்னாள். அவர் சங்கடத்தோடு சோலையப்பனைப் பார்த்தார். சோலையப்பன் பஸ்ஸிலிருந்து இறங்கி, தனக்குத் தெரிந்த அரபியில் பணிவாகச் சொன்னான்: "யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. இஷ்டமில்லாதவர்கள் வர வேண்டாம்."

"இதை அவங்க கேக்குற மாதிரி சொல்லுங்க" என்றாள் ஹாலிதா.

அவன் வாய்க்கால் கரையில் நின்று தமிழில் ஒரு தடவை, ஹிந்தியில் ஒரு தடவை சத்தமாகச் சொன்னான். சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. இப்போதே போக நினைப்பவர்கள் மேலே ஏறலாம் என்றும் சேர்த்துக்கொண்டான். நாற்பது பேரும் குனிந்து மண்ணை வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூட நிமிரவில்லை.

"பார்த்தீர்களா, சகோதரி" என்றார் அபூ ஃபைஸல். அவர் குரலில் இருந்த நிம்மதியைத்தான் ஹாலிதாவால் மன்னிக்க முடியவில்லை. ஏமாற்றுகிறவன் ஏமாற்றுகிறான். ஏமாறுவதற்கு இவ்வளவு ஆசைப்படுகிறவரை என்ன சொல்வது? பழைய தன்னார்வலர்களில் ஒருத்தி அவள் தோளைத் தொட்டு, சீசன் திறக்க இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது, இப்போது இதைக் கிளற வேண்டாம் என்றாள்.

அவள் கிளம்பும்போது வைரவன் தலை நிமிராமல் சொன்னான்: "காம்ப் பாஸ முன்னால வச்சுக் கேட்டா யாருக்கா வாயத் தெறப்பா?"

அது அவளுக்குச் சுருக்கென்றது. தன் கோபத்தைத் தீர்த்துக்கொள்ள அவர்களை மாட்டிவிடப் பார்த்தோமே என்று தன் மேலேயே எரிச்சல் வந்தது. வீட்டில் மீராசாவிடம் சொன்னபோது அவர் கஞ்சியை வைத்துவிட்டு, "நமக்கு எதுக்கு இது? யாரோ கம்பெனி, யாரோ ஆளுக. நம்ம விசா கஃபீல் கையில இருக்கு. அவரு காதுக்குப் போச்சுன்னா நம்ம கடைக்கு என்ன ஆகும்னு யோசிச்சியா?" என்றார்.

"யாரோ ஆளுக இல்ல. நான் தொதல் குடுத்த ஆளுக."

"குடுத்ததோட நிறுத்திக்க."

அவள் கஞ்சிப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் குழுவின் வாட்ஸப்பில் செய்தி வந்தது. மலைப்பக்கம் மழை, வாதியில் வெள்ளம் வரலாம், இன்று யாரும் வர வேண்டாம். ஹாலிதா தேயிலைக்குத் தண்ணீர் வைத்தாள். தண்ணீர் கொதிப்பதற்குள் அவளுக்குத் தோன்றியது: அந்தக் குழுவில் பஸ்ஸில் வருகிறவர்கள் ஒருவர்கூட இல்லை. அபூ ஃபைஸலுக்கு போன் போட்டாள்.

"பஸ் ஆட்களுக்குச் சொல்லிவிட்டீர்களா?"

"அவர்கள் கம்பெனி ஆட்கள். கம்பெனி பார்த்துக்கொள்ளும்."

"போன வாரம்வரைக்கும் தன்னார்வலர்கள் என்றீர்களே."

சோலையப்பனுக்குச் சொல்கிறேன் என்று கடைசியில் சொன்னார். சொன்னாரோ இல்லையோ, ஹாலிதா சாவியை எடுத்தாள். மீராசா வாசலில் மறித்து, பிறகு பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டார்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பஸ் நின்றுகொண்டிருந்தது. ஆட்கள் வாய்க்காலுக்குள் இருந்தார்கள். நான்கு பேர் ஒரு சிறுபாலத்துக்கு உள்ளேயே தவழ்ந்து மண் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே ஒரு துளி மழை இல்லை. ஆனால் வடக்கே மலைகள் மேல் வானம் கறுத்துக் கிடந்தது. அந்த ஊரில் இருந்தவர்களுக்குத் தெரியும், காலடியில் மண் காய்ந்திருக்கும்போதே வாதியில் வெள்ளம் வந்துவிடும்.

"தகவல் வந்துச்சு மேடம்" என்றான் சோலையப்பன். "இன்னும் ஒரு மணி நேரம். இந்தப் பாலத்தை முடிச்சா இந்தப் பக்கம் ஓவர். அப்புறம் நானே கெளம்பிருவேன்."

"இப்பவே ஏறச் சொல்லுங்க."

"நீங்க சொல்லி நான் செய்ய முடியாது."

ஹாலிதா ஆட்களைப் பார்த்து ஏறுங்கள் என்றாள். அவர்கள் சோலையப்பனைப் பார்த்தார்கள். அவன் விசில் ஊதவில்லை. அவள் செருப்பைக் கழற்றிக் கரையில் போட்டுவிட்டு வாய்க்காலில் இறங்கினாள். குனிந்து, அந்த நான்கு பேர் இருந்த பாலத்தின் வாய்க்குள் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"ஹாலிதா, ஏறி வா" என்றார் மீராசா. அவர் முகம் வெளிறியிருந்தது.

"இவங்க ஏறட்டும்."

"என்ன மேடம் டிராமா இது?" சோலையப்பன் கரைக்கு ஓடிவந்தான்.

"தம்பி, இவங்களுக்கு ஏதாவது ஆனா, இஷ்டப்பட்டு வந்தாங்க, போய்ட்டாங்கன்னு சொல்லிருவீங்க. எனக்கு ஏதாவது ஆனா என்ன சொல்லுவீங்க? யோசிச்சுச் சொல்லுங்க. நான் இங்கயே இருக்கேன்."

சோலையப்பன் மீராசாவைப் பார்த்தான். இந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று அந்தப் பார்வை கேட்டது. மீராசா போனை எடுத்து, மீட்புப் படையின் நம்பரை அழுத்தி, தாம் நிற்கிற இடத்தை அரபியில் சொல்ல ஆரம்பித்தார். அதற்குப் பிறகுதான் சோலையப்பன் விசில் ஊதினான்.

எல்லோரும் ஏறி பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு கடைசியாக ஹாலிதா வாய்க்காலிலிருந்து ஏறினாள். முழங்கால் சிராய்த்திருந்தது.

அன்று வெள்ளம் வரவில்லை. மலையில் பெய்த மழை வேறு வாதிக்குப் போய்விட்டது. மத்தியானம் வாய்க்காலில் ஈரம்கூடத் தட்டவில்லை. சோலையப்பன் இதை எல்லோரிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறான். வெள்ளம் வராததால் ஆட்களை இறக்கியது சரியாகிவிடுமாம். கம்பெனியிலிருந்து அபூ ஃபைஸலுக்குப் புகார் போனது. அவர் ஹாலிதாவுக்கு போன் போட்டு, நமக்கு உதவி செய்கிறவர்களை அவமானப்படுத்திவிட்டீர்கள், கொஞ்ச நாள் ஓய்வெடுங்கள் என்று மென்மையாகச் சொன்னார். சாயங்காலத்துக்குள் வாட்ஸப் குழுவிலிருந்து அவள் பெயரை எடுத்துவிட்டார்கள்.

அந்த வாரம் காம்ப்பில் நடந்ததை, அவளிடம் நம்பர் வாங்கியிருந்த வைரவன் பிறகு போனில் சொன்னான். வழக்கம்போல் சோலையப்பன் பேர் வாசித்தபோது அவன் எழுந்து, "இஷ்டமில்ல சார்" என்றிருக்கிறான்.

"என்னடா சொன்ன?"

"இஷ்டமில்லாதவுக வர வேணாம்னு அந்த அரபி வாத்தியாரு முன்னால நீங்கதான் சொன்னீக சார். தமிழ்ல ஒருக்கா, ஹிந்தில ஒருக்கா. எல்லாரும் கேட்டோம்."

அவனுக்குப் பின்னால் ஒரு பீகார்க்காரர் எழுந்து தனக்கும் இஷ்டமில்லை என்றார். பிறகு இன்னும் சிலர். அந்த வெள்ளிக்கிழமை பஸ் பாதி காலியாகப் போனது. அடுத்த வெள்ளிக்கிழமை பஸ் கிளம்பவே இல்லை.

"நீங்க பாலத்துக்குள்ள போயி உக்காந்தீகள்ல, அப்பத்தான்க்கா எனக்கு ஒரு இது வந்துச்சு" என்றான் வைரவன். ஹாலிதா சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் அவனே சொன்னான், அவனைக் கடற்கரைப் பக்கம் ஒரு தூரத்து சைட்டுக்கு மாற்றிவிட்டார்கள். ஊருக்குப் போகக் கேட்டிருந்த லீவும் தள்ளிப்போய்விட்டது. மிச்ச வாய்க்காலைக் கம்பெனி ஒரு மிஷினை வைத்து இரண்டே நாளில் வெட்டி முடித்தது. மிஷின் அத்தனை மாதமும் அவர்களிடம் சும்மாதான் நின்றிருக்கிறது.

சீசன் திறப்பு விழாவுக்கு ஹாலிதா டிக்கெட் எடுத்துக்கொண்டு போனாள். மேடையில் கம்பெனியின் மேனேஜருக்குத் தன்னார்வத் தொண்டுக்காகக் கேடயம் கொடுத்தார்கள். பக்கத்தில் சோலையப்பன் கோட் போட்டுக்கொண்டு நின்றான். பின்னால் பெரிய திரையில் படங்கள் ஓடின. பச்சை டிஷர்ட்டில் வைரவனும் மற்றவர்களும் தொதலைக் கையில் வைத்துக்கொண்டு சிரிக்கிற படம் வந்தபோது எல்லோரும் கை தட்டினார்கள். அவள் எடுத்த படம் அது. அந்தப் படத்தில் இருந்தவர்களில் ஒருவரும் விழாவில் இல்லை. யாரும் கூப்பிடவில்லை. ஹாலிதா ரயிலில் ஏறாமல் வீட்டுக்கு வந்துவிட்டாள். வந்து, அந்தப் படத்தைத் தன் போனிலிருந்து அழித்தாள். அழித்து என்ன ஆகப்போகிறது என்று தெரிந்தும் அழித்தாள்.

அந்தக் குளிர்காலத்தில் நல்ல மழை. வாய்க்கால் தாங்கியது, பாதை அசையவில்லை. தன்னார்வலர்களின் சாதனை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். கம்பளி வாங்க வந்த ஒருவர் கடையில் அப்படிச் சொன்னபோது, கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஹாலிதா, அதை வெட்டியவர்கள் யார், எப்படி வெட்ட வைத்தார்கள் என்று ஒன்று விடாமல் சொன்னாள். அவர் கம்பளி வாங்காமல் போனார். மீராசா அவளுக்கும் சேர்த்து ஒரு டீ வரவழைத்தார்.

ஒரு நாள் அபூ ஃபைஸலே கடைக்கு வந்தார். கையில் சட்டம் போட்ட ஒரு சான்றிதழ். மூன்று வருஷச் சேவைக்காக ஹாலிதாவின் பெயர் போட்டது. சிறுபாலங்களில் மறுபடியும் மணல் சேர ஆரம்பித்துவிட்டது, ஆள் போதவில்லை, பழையதை மறந்துவிட்டு வர வேண்டும் என்றார்.

ஹாலிதாவுக்கு அந்த வேலை எவ்வளவு பிடிக்கும் என்று அவருக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். ஒவ்வொரு மழைக்கும் அவள் ஜன்னலில் நின்று, எந்தப் பாலம் அடைத்திருக்கும் என்று யோசித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"வருகிறேன்" என்றாள். "அந்த வாய்க்காலை வெட்டியவர்கள் இஷ்டப்பட்டு வரவில்லை என்று, கேடயம் கொடுத்த அதே மேடையில் நீங்கள் சொல்லுங்கள். மறுநாள் காலையில் மண்வெட்டியோடு வருகிறேன்."

"சகோதரி, முடிந்துபோனதை இப்போது சொல்லி என்ன பயன்? அந்தக் கம்பெனி அடுத்த வருஷமும் உதவுவதாகச் சொல்லியிருக்கிறது."

"எந்த உதவி? ஆளா, மிஷினா?"

அவர் குடித்துக்கொண்டிருந்த டீயை முடித்தார், ஸலாம் சொன்னார், சான்றிதழை மேஜை மேல் வைத்துவிட்டு வெளியே போனார்.

ஹாலிதாவுக்கு வந்தது அழுகையா கோபமா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. மீராசா அளந்துகொண்டிருந்த கம்பளியை மடித்து ஓரமாக வைத்தார். சான்றிதழை எடுத்துக்கொண்டு கடைப்படியில் இறங்கினார். வீதியில் கார்க் கதவைத் திறந்துகொண்டிருந்த அபூ ஃபைஸலிடம் போய், இரண்டு கையாலும் மரியாதையாக நீட்டினார்.

"இதை மறந்துவிட்டுப் போகிறீர்கள்" என்றார் அரபியில்.